குதிகால் ஓட்டையை நெய்து அடைக்கலாம்

கம்பளி சாக்ஸ் ஒரே நாளில் கிழிவதில்லை. குதிகாலிலும் பெருவிரல் நுனியிலும் முன்பாதம் ஊன்றும் இடத்திலும் ஷூவோடு உராய்ந்து உராய்ந்து நூல் மெலிகிறது. ஒருநாள் ஒரு கண்ணி அறுகிறது. அது பிடித்திருந்த பக்கத்துக் கண்ணிகளும் நழுவ, விரல் வெளியே எட்டிப் பார்க்கிறது. துவைத்து மடிக்கும்போதே கையை உள்ளே விட்டு விளக்கு வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தால், வெளிச்சம் ஊடுருவும் இடம் கண்ணில் பட்டுவிடும். அடுத்த ஓட்டை அங்கேதான் விழப்போகிறது.

ஊட்டியிலோ கொடைக்கானலிலோ, டொராண்டோவிலோ ஆஸ்லோவிலோ குளிர்காலத்தைக் கழிப்பவர்களுக்கு நல்ல கம்பளி சாக்ஸின் அருமை தெரியும். ஈரம் பட்டாலும் ஓரளவு வெதுவெதுப்பு தருவது கம்பளி. கையால் பின்னிய ஜோடி என்றால் அதில் ஒருவரின் பல மாலைப்பொழுதுகள் இருக்கின்றன. ரூபாய் நாணயம் அளவு ஓட்டைக்காக அதைத் தூக்கிப் போட எனக்கு மனம் வராது. இரண்டாம் உலகப் போரின்போது, 1941-இல், பிரிட்டனில் துணிக்குப் பங்கீடு வந்தது. 1943-இல் அந்நாட்டு அரசே பழைய உடைகளைப் பழுதுபார்க்கச் சொல்லிக்கொடுக்கும் கையேட்டை வெளியிட்டது. ஆனால் இந்த வேலைக்குப் பஞ்சகாலம் வர வேண்டியதில்லை. ஒரு மணி நேரமும் நல்ல வெளிச்சமும் போதும்.

முதலில் சாக்ஸைத் துவைத்துக் காயவையுங்கள். போட்டுப் போட்டு விரிந்திருக்கும் கம்பளி, தண்ணீர் பட்டதும் தன் அளவுக்குத் திரும்பும். அப்போதுதான் ஓட்டையின் உண்மையான அளவு தெரியும்.

நூல் சாக்ஸின் நூல் அளவுக்குத் தடிமனாகவோ ஒரு சுற்று மெல்லியதாகவோ இருக்கட்டும். தடித்தால் ஷூவுக்குள் உறுத்தும். முக்கால் பங்கு கம்பளியும் கால் பங்கு நைலானும் கலந்த சாக்ஸ் நூல் குதிகாலுக்கு ஏற்றது; நைலான் தேய்மானத்தைத் தாங்கும். கையில் இருக்கிறதே என்று பருத்தித் தையல் நூலை எடுக்காதீர்கள். கம்பளியைப் போல அது நீண்டு கொடுக்காது. சுற்றியுள்ள மெல்லிய கண்ணிகளை நாளடைவில் அறுத்துவிடும். நூல் வாங்க வழியில்லை என்றால் பழைய ஸ்வெட்டரின் ஓரத்தைப் பிரித்து எடுங்கள். அதன் சுருளை நீக்க, நூலை நனைத்து, நுனியில் சிறு பாரம் கட்டித் தொங்கவிட்டால் போதும்.

ஊசிக்குக் காது பெரிதாகவும் முனை மழுங்கலாகவும் இருக்க வேண்டும். கூர்முனை நூலைப் பிளந்துகொண்டு போகும். கம்பளி நூலை நாக்கில் நனைத்துக் கோர்ப்பது எரிச்சலான வேலை. நூலை ஊசியின் மேல் மடித்து, இரு விரலால் இறுக்கிப் பிடித்து, ஊசியை உருவிவிட்டு, அந்த மடிப்பையே காதுக்குள் தள்ளுங்கள்; உடனே நுழையும். ஒரு தடவைக்கு ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடுதலான நூல் போதும். அதற்கு மேல் நீண்டால் இழுபட்டுப் பஞ்சாகும். தீர்ந்தால் புது நூல் எடுத்துக்கொள்ளலாம்.

ஓட்டைக்கு அடியில் கொடுக்க உருண்டையான தாங்கி ஒன்று வேண்டும். மேல்நாடுகளில் இதற்கென்றே காளான் வடிவ மரக்கட்டை விற்கிறார்கள். நம் வீட்டில் உப்புத்தாள் தேய்த்து வழவழப்பாக்கிய கொட்டாங்கச்சி அந்த வேலையை அழகாகச் செய்யும். டென்னிஸ் பந்தும் உதவும். தாங்கியின் மேல் சாக்ஸை இழுத்துக் கட்டாதீர்கள். இழுத்த நிலையில் நெய்தால், எடுத்த பிறகு அந்த இடம் பை மாதிரித் தொங்கும். சுருக்கமில்லாமல் படிந்து கிடந்தாலே போதும்.

சாக்ஸின் வெளிப்பக்கம் மேலே இருக்கும்படி வைத்து வேலை செய்வது என் வழக்கம். திருப்பும் இடங்களில் வரும் சிறு வளையங்கள் வெளியே நின்றுவிடும். பாதத்தைத் தொடும் பக்கம் வழுவழுப்பாக இருக்கும். ஓட்டையின் விளிம்பில் தொங்கும் பிசிறை மட்டும் நறுக்குங்கள். விளிம்பை வட்டமாக வெட்டிச் சீராக்கினால் நல்ல கண்ணிகளும் போய்விடும்.

இனிதான் முக்கியமான வேலை. ஓட்டையின் விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி, நூல் தேயாத நல்ல இடத்தில் தொடங்குங்கள். முடிச்சுப் போடவே கூடாது. நடக்கும்போது பாதத்தில் கொப்புளம் வரவைப்பது அந்த முடிச்சுதான். ஐந்தாறு சென்டிமீட்டர் வாலை விட்டுவிட்டு, சாக்ஸின் நெடுக்குவாட்டில் சிறு சிறு ஓட்டுத் தையலாகப் போங்கள். ஓட்டை வந்ததும் நூலை அதன் மேல் நேராகக் கடத்தி, அக்கரையிலும் ஒரு சென்டிமீட்டர் தைத்துத் திரும்புங்கள். விளிம்பில் வாய் திறந்து நிற்கும் கண்ணி ஒவ்வொன்றையும் ஊசியால் கோர்த்துக்கொள்ளுங்கள். விட்டுப்போன கண்ணி பிறகு ஓடும். திருப்புமிடத்தில் குண்டூசித் தலை அளவு நூலைத் தளர்த்தி விடுங்கள். துவைக்கும்போது கம்பளி சுருங்கும். இந்தத் தளர்வு இல்லாவிட்டால் ஒட்டு சுருங்கி ஓரத்தைக் கிழிக்கும். வரிசைகளுக்கு இடையே ஒரு நூலின் தடிமன் அளவு இடைவெளி இருக்கட்டும். இப்படி ஓட்டை முழுவதும் பாவு விரிந்துவிடும்.

அடுத்தது ஊடை. கயிற்றுக் கட்டில் பின்னுவது போல, குறுக்குவாட்டில் ஒரு நூலின் மேலே, அடுத்ததன் கீழே என்று ஊசியை ஓட்டுங்கள். திரும்பி வரும்போது முன்பு மேலே போன இடத்தில் கீழே போக வேண்டும். ஒவ்வொரு வரிசையையும் ஊசி முனையால் முந்தைய வரிசையோடு நெருக்கிவிடுங்கள். ஊடையும் இருபுறமும் நல்ல பகுதிக்குள் சென்று திரும்பட்டும். நூலை இழுத்து ஓட்டையைச் சுருக்கப் பார்க்காதீர்கள். பெரும்பாலான ஒட்டுகள் கெடுவது இதனால்தான். கடைசியில் வால் நூல்களை உள்பக்கம் கொண்டுபோய், சில கண்ணிகளுக்குள் செருகி, சிறிது மிச்சம் விட்டு வெட்டுங்கள். ஈரத்துணியை மேலே போட்டு இஸ்திரிப் பெட்டியைச் சற்று ஒற்றி எடுத்தால் நெசவு படியும். கம்பளி இழையில் நுண்ணிய செதில்கள் உண்டு. நடக்க நடக்க அவை ஒன்றோடொன்று பிணைந்து ஒட்டை உறுதியாக்கும்.

ஓட்டை விழாமல் மெலிந்து மட்டும் இருந்தால் நெசவு தேவையில்லை. வெளிப்பக்கத்தில் ஆங்கில ‘வி’ எழுத்தாகத் தெரியும் கண்ணிகளை அதே பாதையில் இரட்டிப்பாக்குங்கள். ஊசியை ‘வி’யின் அடியில் வெளியே எடுத்து, அதன் மேலுள்ள ‘வி’யின் இரு கால்களுக்கும் பின்னால் நுழைத்து, மறுபடி அதே அடியில் இறக்கினால் ஒரு கண்ணி முடிந்தது. வேலை எளிது, தடிப்பும் தெரியாது. உள்ளங்கை அகல ஓட்டைக்கு நெசவு தாங்காது. அதற்குக் குதிகாலையே புதிதாகப் பின்ன வேண்டும்.

முடித்ததும் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் கொஞ்ச நேரம் நடந்து பாருங்கள். எங்காவது உறுத்தினால் அங்கே வால் நூல் மொத்தமாகச் சேர்ந்திருக்கும். பிரித்துப் பரவலாகச் செருகுங்கள். ஒட்டின் ஓரத்தில் மடிப்பு எழுந்தால் ஊடை இறுகியிருக்கிறது. நுனி வளையங்களை ஊசியால் சற்று நெகிழ்த்துங்கள். அதன்பின் குளிர்ந்த நீரில் அலசி, முறுக்காமல் துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் உலர்த்துங்கள்.