காற்றடைத்த வளையம் குதிக்காலைக் காக்குமா?

யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கேணி நோய் தீர்க்கும் என்ற பெயர் பழையது. குதிரைமுகம் நீங்கிய மாருதப்புரவீகவல்லி, கீரிமுகம் நீங்கிய நகுலமுனிவர் என்று தலபுராணக் கதைகள் அதையே சொல்கின்றன. அந்த நம்பிக்கையோடு இங்கே வழக்கில்லை. ஆனால் படுக்கைப் புண்ணோடு ஒருவரைக் கேணியில் இறக்கினால் பலர் குளிக்கும் நீரில் புண்ணுக்குக் கிருமி தொற்றலாம். புண்ணுக்குக் காரணமான அழுத்தமோ படுக்கையில் அப்படியே காத்திருக்கும். மருந்துக்கடையில் காற்றடைத்த வளையம் வாங்கிக் குதிக்கடியில் வைப்பவர்களும் இதே பிழையைத்தான் விடுகிறார்கள். அவர்களுக்குத் தீர்த்தத்தின் இடத்தில் காற்று.

குதியெலும்பின் பின்புறத்தில் தோலுக்கடியில் தசை கிடையாது, கொஞ்சம் கொழுப்புத்தான். மல்லாந்து கிடப்பவரின் காற்பாரம் அந்தச் சிறு இடத்தில் இறங்கும்போது நுண்ணிய இரத்தக் குழாய்கள் நசுங்குகின்றன. சில மணி நேரத்திலேயே உள்ளே சதை கெடத் தொடங்கலாம். வளையத்தின் ஓட்டைக்குள் குதி தொங்கினாலும் விளிம்பு சுற்றிவர அழுத்தி, நடுவுக்கு வரும் இரத்தத்தை மறிக்கிறது. தண்ணீர் நிரப்பிய கையுறையும் உதவாது. குதி அதன்மேல்தானே கிடக்கிறது! ஐரோப்பிய, அமெரிக்க, பசிபிக் வட்டார நிபுணர் குழுக்கள் 2014இல் கூட்டாக வெளியிட்ட வழிகாட்டி இரண்டையுமே தவிர்க்கச் சொன்னது.

அப்படியென்றால் காற்றுத் தாங்கிகள் எல்லாமே வீண்காசா? இல்லை. கெண்டைக்காலின் நீளத்துக்குக் கீழே வைத்துக் குதியை அந்தரத்தில் நிறுத்தும் தாங்கி பயன்படும். குதிக்கும் மெத்தைக்கும் இடையே ஒரு கடதாசி தடையின்றிப் போய்வர வேண்டும், சோதனை அவ்வளவுதான். காற்று குறைந்தால் குதி மெத்தையில் முட்டும். கூடினால் தாங்கியே கட்டையாகிவிடும். கெண்டைக்காலில் புண் வராதா என்று கேட்கலாம். அங்கே தசை உண்டு, பாரமும் நீளத்துக்குப் பரவுகிறது. ஆனால் குதிக்கு மேலுள்ள தடித்த தசைநாணில் பாரம் விழக்கூடாது. முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும். கால் வெளிப்பக்கம் சரிந்தால் முழங்காலுக்குக் கீழே ஓடும் நரம்பு நசுங்கிப் பாதம் தொய்ந்துவிடலாம். காசில்லாத வீட்டில், சொன்னபடி காலை வைத்திருக்கக்கூடியவருக்குத் தலையணையை நீளவாக்கில் வைத்தாலும் சில நாட்களுக்குப் போதும். பாரிசவாதத்தால் கால் வெட்டி இழுப்பவருக்கும் மனம் தடுமாறியவருக்கும் அது நில்லாது. பட்டி கட்டிய தாங்கியே நல்லது. எதை வைத்தாலும் ஆளைப் புரட்டிப் படுக்கவைப்பதை நிறுத்த முடியாது.

நொந்தால் சொல்லுவார்தானே என்பது இன்னொரு வாதம். நாட்பட்ட சலரோகக்காரருக்கும், பனையால் விழுந்து முள்ளந்தண்டு அடிபட்டவருக்கும் அந்த நோவே தெரியாமல் போகலாம். நம் கறுத்த தோலில் சிவப்பும் எளிதில் தெரியாது. ஆகவே தாங்கியை நாளுக்கு இரண்டு தரமாவது கழற்றி, சூடோ இறுக்கமோ உண்டா என்று தொட்டுப் பாருங்கள். இருந்தால் எண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள், உள்ளே கெட்ட சதை மேலும் சிதையும். குதியில் காய்ந்து இறுகிய கறுத்த பொருக்கைக் கண்டால் வீட்டில் உரிக்காமல், தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைக்கோ யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ கொண்டுபோய்க் காட்டுங்கள்.