முகப்பரு

‘அகத்தின் அழகு முகத்தில் தெரியும்’ என்பது பழமொழி. அன்பும் சினமும் முகத்தில் வெளிப்படும் என்பதே இதன் கருத்து. ஆயினும், ஒருவர் முகத்தில் எழும் பருவைக் கொண்டே அவருடைய பழக்கத்தை அளந்துவிடுவோர் உளர். முகம் கழுவாதவர் என்று சிலர் நகைப்பர். தீய எண்ணத்தின் விளைவு என்று சிலர் பழிப்பர். இவ்விரண்டும் பொருந்தா. முகப்பரு அழுக்கினால் வருவதன்று. ஒழுக்கக் குறைவால் வருவதன்று. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதுமன்று. அது வளரும் உடலில் நிகழும் மாறுதல்களுள் ஒன்று. இளமைப் பருவத்தில் பெரும்பாலோர்க்கு அது ஓரளவேனும் தோன்றுகிறது.

பரு தோன்றும் வகை

உடலைப் போர்த்தியுள்ள தோலில் எண்ணற்ற நுண்துளைகள் உள்ளன. அவற்றினுள் மயிர்க்கால்களை ஒட்டி எண்ணெய்ச் சுரப்பிகள் அமைந்துள்ளன. இவை உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இல்லை. முகத்திலும் மார்பிலும் முதுகின் மேற்புறத்திலும் மிகுந்துள்ளன. ஆதலால், பருவும் இவ்விடங்களிலேயே மிகுதியாகக் காணப்படும்.

குமரப் பருவத்தில் ஆண், பெண் இருபாலார் உடலிலும் ஆண்ட்ரோஜென் என்னும் ஹார்மோன்கள் மிகுகின்றன. அவற்றின் தூண்டுதலால் சுரப்பிகள் முன்னினும் மிகுதியாக எண்ணெய் சுரக்கின்றன. துளையின் உட்புறத்தில் உதிரும் தோல் அணுக்கள் அவ்வெண்ணெயோடு கலந்து துளையை அடைக்கின்றன. அடைப்பின் மேல் தோல் மூடியிருந்தால் அது வெண்புள்ளி. வாய் திறந்திருந்தால் கரும்புள்ளி. கரும்புள்ளியின் கருமை அழுக்கன்று. ஆதலின், அதைத் தேய்த்துப் போக்க முயல்வது வீண்.

தோலில் எப்பொழுதும் வாழும் ஒருவகை நுண்ணுயிர், அடைபட்ட எண்ணெயில் பெருகுகிறது. அதனை உடல் எதிர்க்கும்பொழுது அவ்விடம் சிவக்கிறது; வீங்குகிறது; சில வேளைகளில் சீழும் கொள்கிறது. இதுவே பரு.

அவசரத்தால் விளையும் கேடு

பரு பெரும்பாலும் காலப்போக்கில் தணியும். ஆனால், அவசரத்தால் உண்டாக்கிக்கொண்ட தழும்பு வாழ்நாள் முழுவதும் நிற்கக்கூடும். நகத்தால் பருவைப் பிதுக்கினால் சீழின் ஒரு பகுதி வெளிவரலாம். மறுபகுதி தோலின் ஆழத்தில் சிதறி வீக்கத்தைப் பெருக்கும். மாநிறமும் கருநிறமும் உடையோர்க்குப் பரு ஆறிய இடத்தில் கருமை படிந்து பல திங்கள் நிற்பதுண்டு. பருவைக் கிள்ளுவதாலும் வெயிலில் காய்வதாலும் அக்கருமை மிகும்.

எலுமிச்சைச் சாறும் பற்பசையும் பருவைப் போக்கும் எனக் கூறுவர். இவை தோலை எரித்துப் புண்ணாக்கக்கூடும். முகத்தை வெண்மையாக்கும் என்று சொல்லி விற்கப்படும் சில களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அவற்றைப் பூசினால் சில நாள் சிவப்பு அடங்கும். பின்னரோ தோல் மெலிந்து, பரு முன்னிலும் பெருகும். 2018-ஆம் ஆண்டில் இந்திய அரசு இத்தகைய மேற்பூச்சு மருந்துகளின் விற்பனை விதியைக் கடுமையாக்கியது. மருத்துவர் சீட்டின்றி இவற்றை வாங்குதலும் பூசுதலும் தகா.

வீட்டில் செய்யத்தக்கவை

காலையும் மாலையும் மென்மையான சோப்பும் நீரும் கொண்டு விரல் நுனிகளால் முகம் கழுவுதல் போதும். வியர்த்தபின் மீண்டும் கழுவலாம். நாரோ முரட்டுத் துணியோ கொண்டு தேய்த்தலாகாது. தலைக்குத் தேய்த்த எண்ணெய் நெற்றியில் வழியாதவாறு காத்தல் வேண்டும். தலையணை உறையை அடிக்கடி துவைத்து மாற்றுதல் நன்று. இனிப்புப் பண்டங்களையும் இனிப்பு நீர்களையும் குறைப்பது சிலர்க்குப் பயன் தருகிறது.

பரு மிகுந்தால் பென்சாயில் பெராக்சைடு என்னும் மருந்தை மருத்துவரைக் கேட்டுப் பூசலாம். இது பல அளவுகளில் கிடைக்கும், 2.5 விழுக்காடு உள்ளதில் தொடங்குவது நலம். மிகுந்த அளவு உள்ளது தோலை மிகுதியாக எரிக்குமேயன்றி, அதற்கேற்ப மிகுந்த பயன் தருவதில்லை. இம்மருந்து துணியில் பட்டால் சாயம் வெளுக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுதல் வேண்டும். பரு எழுந்த ஒரு புள்ளியில் மட்டும் வைக்காமல், பரு தோன்றும் பகுதி முழுவதிலும் மெல்லிதாகப் பூசுதல் வேண்டும். பயன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் ஆகலாம். ஒரு வாரத்தில் மருந்தை வெறுத்து வேறொன்றை நாடுவோர் ஒன்றாலும் நலம் பெறார்.

மருத்துவரை நாட வேண்டிய காலம்

ஆழ்ந்த கட்டிகள் எழுந்தாலும், தழும்பு விழத் தொடங்கினாலும், 12 வாரங்கள் கடந்தும் குறையாவிட்டாலும் காலம் தாழ்த்தாமல் தோல் மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். கடுமையான பருவையும் தணிக்கும் மருந்துகள் இன்று உள்ளன. அவற்றுள் ஒன்றான ஐசோட்ரெட்டினாயின், கருவுற்ற பெண்ணின் குழந்தைக்குப் பெருங்கேடு செய்ய வல்லது. ஆதலின், மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே அதனை உண்ணலாம்.

பருவினால் உடலைவிட உள்ளமே மிகுதியாக நோவதுண்டு. கண்ணாடியைக் காண நாணுவோரும், பள்ளிக்கு வரத் தயங்குவோரும் உளர். அவர்களைக் கேலிப் பெயரிட்டு அழைப்பது ஆறாத புண்ணை உண்டாக்கும். பருவுக்கு மருந்து கடையில் கிடைக்கும்; பழிச்சொல்லால் வந்த புண்ணுக்கு மருந்து உடன் பயில்வோரின் கனிவேயாகும்.