பஞ்சத்தில் வெட்டிய நீர்வழி

நுழையும்முன்

சாலையும் இருப்புப்பாதையும் பெருகுவதற்கு முன், நெல்லும் உப்பும் விறகும் படகேறி ஊர் சேர்ந்தன. அவ்வாறு பயன்பட்ட கால்வாய்கள் வணிகத்திற்காக மட்டும் தோண்டப்பட்டவை அல்ல. வேலையின்றித் தவித்த மக்களுக்குக் கூலி அளிக்கவும் சில தோண்டப்பட்டன. அத்தகைய இரு நீர்வழிகளை ஒப்பிட்டு அறிவோம்.

சோழவரமும் கடற்கரையும்

கொசத்தலையாற்று நீர் பூண்டியில் தேக்கப்படுகிறது. தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் திருப்பப்படும் நீர் சோழவரம் ஏரியை அடைந்து, அங்கிருந்து புழல் ஏரிக்குச் சென்று, சென்னையின் தாகம் தீர்க்கிறது. எஞ்சிய வெள்ளம் ஆற்றின் வழியே எண்ணூர்க் கழிமுகத்தை அடைகிறது. சோழவரத்திற்குக் கிழக்கே, கடற்கரைக்கு இணையாகச் செல்லும் பக்கிங்காம் கால்வாய் அங்கே ஆற்றைச் சந்திக்கிறது. ஆந்திரத்தின் பெத்தகஞ்சம் முதல் மரக்காணம் வரை இதன் நீளம் ஏறத்தாழ 420 கிலோமீட்டர்.

ஒரே காலத்தில் இரு கால்வாய்கள்

1806-ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து எண்ணூர் வரை கால்வாய் வெட்டத் தொடங்கியவர் பாசில் காக்ரேன் என்பவர். இவர் ஸ்காட்லாந்துப் பிரபுக் குடும்பத்தைச் சேர்ந்தவர். பின்னர் அக்கால்வாய் பழவேற்காடு வரை நீண்டது. அதே காலத்தில் ஸ்காட்லாந்திலும் கலிடோனியக் கால்வாய் உருவாகிக்கொண்டிருந்தது. பொறியாளர் தாமசு டெல்போர்டு தலைமையில் 1803-இல் தொடங்கிய அப்பணி 1822-இல் முடிந்து, நீர்வழி திறக்கப்பட்டது. 97 கிலோமீட்டர் நீளமுள்ள அதில் மனிதர் வெட்டிய பகுதி மூன்றில் ஒரு பங்கே. எஞ்சியவை நெஸ், லாக்கி முதலிய இயற்கை ஏரிகள். நிலமிழந்து புலம்பெயர்ந்துகொண்டிருந்த மலைநாட்டு மக்களுக்கு வேலை தருவதும் அக்கால்வாயின் நோக்கங்களுள் ஒன்றாகும்.

தெரிந்து தெளிவோம்

நீர்மட்டம் மாறுபடும் இடங்களில் படகைக் கடத்த, இருபுறமும் கதவுகளையுடைய அறை கட்டப்படும். படகு உள்ளே வந்ததும் பின்கதவை அடைத்து, நீரை நிரப்பியோ வடித்தோ மட்டத்தைச் சமன்செய்து முன்கதவைத் திறப்பர். கலிடோனியக் கால்வாயில் இத்தகைய கதவறைகள் 29 உள்ளன. கடலின் ஏற்றவற்றத்திற்கு உட்பட்ட பக்கிங்காம் கால்வாயிலும் இவை அமைக்கப்பட்டன.

பசியின் கூலி

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைக் கொடும்பஞ்சம் வாட்டியது. பல இலட்சம் மக்கள் மடிந்தனர். அப்போது ஆளுநராக இருந்தவர் பக்கிங்காம் கோமகன். பஞ்ச நிவாரணப் பணியாக அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர்ப் பகுதி தோண்டப்பட்டது. கால்வாய் முழுவதும் ஆளுநர் பெயரைப் பெற்றது. மண் சுமந்தவர்களின் பெயர்கள் எங்கும் பொறிக்கப்படவில்லை.

நிவாரணப் பணிகளில் கூலி எவ்வளவு என்பது அன்று பெரும் விவாதமாயிற்று. செலவைக் குறைக்க வந்த ரிச்சர்டு டெம்பிள், நாளெல்லாம் உழைக்கும் ஆணுக்கு 450 கிராம் அளவு தானியமும் சிறுகாசும் போதும் என வரையறுத்தார். மாகாணச் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிசு அதனை எதிர்த்தார். அவ்வுணவு உழைப்பவரின் உயிரைக் காக்காது என வாதிட்டார். பின்னர் அளவு உயர்த்தப்பட்டது. வேலை தருவது மட்டும் அறமாகிவிடாது. உழைப்பவர் உயிர் தரிக்கும் அளவுக்குக் கூலி தருவதே அறம் என்பதை இவ்விவாதம் உணர்த்துகிறது.

இன்றைய நிலை

கலிடோனியக் கால்வாயில் இன்று வணிகக் கப்பல்கள் குறைவு. எனினும் குழுக்களாகச் சேர்ந்து துடுப்புப் படகுகளிலும் விசைப் படகுகளிலும் ஏரிகளைக் கடந்து, அறப்பணிகளுக்கு நிதி திரட்டுவோர் உள்ளனர். அன்று கூலி தந்த நீர்வழி இன்று கொடை திரட்டும் களமாயிற்று.

நம் கால்வாயிலோ, 1960-களின் புயல்களுக்குப்பின் படகுப் போக்குவரத்து தேய்ந்தது. நகரக் கழிவுநீர் அதில் கலந்தது. பறக்கும் தொடர்வண்டிப் பாதையின் தூண்கள் அதனுள்ளே ஊன்றப்பட்டன. 2008-இல் தேசிய நீர்வழி 4-இன் பகுதியாக அறிவிக்கப்பட்டும் பழைய போக்குவரத்து மீளவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய், இக்கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. வலை வீச வேண்டிய மீனவர்கள் படகில் சென்று எண்ணெயை அள்ளினர்.

பசித்தோர் கைகளால் உருவான நீர்வழி அது. அதனைத் தூய்மையாகக் காப்பது, பெயரறியா அவ்வுழைப்பாளர்க்கு நாம் செலுத்தும் நன்றியாகும். அதன் கரையில் வாழ்வோர்க்கு நாம் ஆற்றும் கடமையுமாகும்.

கற்பவை கற்றபின்

1. பக்கிங்காம், கலிடோனியக் கால்வாய்களுக்கிடையே உள்ள ஒற்றுமை வேற்றுமைகளை அட்டவணைப்படுத்துக.
2. உங்கள் ஊரின் ஏரி அல்லது கால்வாய் யாரால், எதற்காக அமைக்கப்பட்டது என முதியோரிடம் கேட்டறிந்து ஒரு பக்கக் கட்டுரை எழுதுக.