ஆக்ஸிலும் மூச்சுவிட வேண்டும்

தம்பி தங்கைகளே, போன வருஷம் ஆயுத பூஜைக்கு எங்க வீட்டு ஜீப்பை நான்தான் தயார் பண்ணினேன். அப்பாவின் பழைய சுசுகி எஸ்ஜே410, 970 சிசி இன்ஜின். ரவுப் பக்கம் உள்ள எங்க டுரியான் தோட்டத்துக்கு ஓடையைக் கடந்து போக அதுதான் துணை. பின் ஆக்ஸிலில் இருந்த துருவைச் சுரண்டி, கறுப்புச் சாயம் ரெண்டு தடவை அடித்தேன். சந்தனம், குங்குமம் வைத்தபோது பளபளன்னு இருந்தது. எனக்கு ஒரே பெருமை.

ரெண்டு மாதத்தில் பின்பக்கம் ஓர் உறுமல். டிஃபரென்ஷியல் எண்ணெயை இறக்கிப் பார்த்தோம். "டேய், எண்ணெய் எப்படிடா தே தாரிக் ஆச்சு?" என்றார் அப்பா. தண்ணீர் கலந்துவிட்டது. பட்டறையில் சீல் மாற்றினோம். அடுத்த தடவை ஓடையைக் கடந்ததும் அதே கதை. "வித்துடலாம்பா," என்று அப்பா சொன்னது மனசுக்குக் கஷ்டமா இருந்தது.

சீல் புதுசு. அப்புறம் தண்ணீர் எப்படி உள்ளே போகும்? முதலாண்டில் படித்த வாயு விதி ஞாபகம் வந்தது. ஓடும்போது ஆக்ஸில் சூடாகும். உள்ளே இருக்கும் காற்று 80 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். ஓடையில் இறங்கியதும் அது 30 டிகிரிக்கு இறங்கினால், கெல்வின் கணக்கில் 353லிருந்து 303. மூடிய கூட்டுக்குள் அழுத்தம் ஏறக்குறைய 14 விழுக்காடு குறையும். அந்த உறிஞ்சலில் சீல் விளிம்பு வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். எண்ணெய் வெளியே வராமல் தடுப்பதுதான் சீலின் முக்கிய வேலை.

இது நடக்காமல் இருக்கத்தான் ஆக்ஸிலின் மேலே பிரீதர் என்ற சின்ன வால்வு இருக்கிறது. ஜீப்புக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். நான் அடித்த சாயமே அதை அடைத்திருந்தது! அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். உறுமிய பேரிங்கை மாற்ற என் பகுதிநேர வேலைச் சம்பளம் போனது.

நீங்கள் செய்யும்போது இதைக் கவனியுங்கள்:

1. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். வெறும் ஜாக்கை நம்பி அடியில் படுக்காதீர்கள்.

2. எண்ணெய் ஊற்றும் மூடியை முதலில் கழற்றுங்கள். எண்ணெயை இறக்கிவிட்டு அந்த மூடி திறக்காவிட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.

3. தண்ணீர் கலந்திருந்தால் புது எண்ணெய் ஊற்றி, கொஞ்ச தூரம் ஓட்டி, அதையும் இறக்குங்கள். பிறகு மறுபடி, துளையின் கீழ் விளிம்பு வரை நிரப்புங்கள்.

4. பிரீதரைச் சுத்தம் செய்யுங்கள். நான் அதற்குப் பதிலாக ஒரு ரப்பர் குழாய் இணைத்து, இன்ஜின் அறை உயரத்துக்கு ஏற்றிவிட்டேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை ஓடையைக் கடந்தாயிற்று. எண்ணெய் தெளிவாகவே இருக்கிறது. விற்கிற பேச்சை அப்பா இப்போது எடுப்பதில்லை.

ஒரு பாகம் கெட்டால் மாற்றுவது சுலபம். ஏன் கெட்டது என்று கேட்காவிட்டால் புதுசும் கெடும். இந்த வருஷமும் ஜீப்புக்குப் பொட்டு வைப்பேன். ஆனால் முதலில் அடியில் படுத்துப் பார்த்துவிட்டுத்தான்.