ஆங்கிலம் படிப்போம்: “விட” என்று ஒப்பிட்டுச் சொல்வது எப்படி?



காலையில் பிரட்டுக்களத்தில் நிற்கும் நேரம் தொடக்கம் இரவு அடுப்படியில் உட்காரும் நேரம் வரை நாம் எதையாவது ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுத்தான் பேசுகிறோம். “நேத்தைவிட இன்னைக்குக் குளிர் கூட”, “மேமலையைவிட பணிய மலையில கொழுந்து நல்லா இருக்கு”, “மூத்தவளைவிட சின்னவன் கணக்குல கெட்டி” என்று சொல்ல நமக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. ஆனால் இதையே ஆங்கிலத்தில் சொல்ல வந்தால் நமது பிள்ளைகள் தடுமாறுகிறார்கள்.

இதனால் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் புள்ளி குறைவது ஒரு பக்கம். அறிவித்தல் பலகையிலும், மருந்துப் பெட்டியிலும், வேலை விளம்பரத்திலும் இதே ஒப்பீட்டுச் சொற்கள்தான் வருகின்றன. அவற்றைத் தலைகீழாக விளங்கிக்கொண்டால் நஷ்டம் நமக்குத்தான். அதனால் இந்தப் பாடத்தைப் பிள்ளைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் கூட உட்கார்ந்து படிக்கவேண்டும். ஆங்கில எழுத்து தெரியாதவர்களும் வாசிக்கட்டும் என்பதற்காக ஆங்கிலச் சொற்களின் ஒலியைத் தமிழிலேயே எழுதியிருக்கிறோம். எழுத்துக் கூட்டலைப் பிள்ளைகள் பாடசாலைப் புத்தகத்தில் பார்த்துக் கொப்பியில் எழுதிக்கொள்ளவும்.

1. தமிழில் ஒரு வேலை, ஆங்கிலத்தில் இரண்டு வேலை

பிதுருதலாகலையின் உயரம் 2,524 மீற்றர். சிவனொளிபாதமலை 2,243 மீற்றர். “சிவனொளிபாதமலையைவிட பிதுருதலாகலை உயரம்” என்கிறோம். இதில் “உயரம்” என்ற சொல் மாறவே இல்லை. “விட” என்ற ஒரு சொல்லே முழு வேலையையும் செய்துவிட்டது.

ஆங்கிலத்தில் அப்படி முடியாது. அங்கே இரண்டு வேலை இருக்கிறது. முதலாவது, குணத்தைச் சொல்லும் சொல்லுக்கு ஒரு வால் ஒட்டவேண்டும்: ஹை என்பது ஹையர் ஆகும். இரண்டாவது, “விட” என்பதற்குத் “தேன்” என்ற சொல்லைப் போடவேண்டும்.

“பிதுருதலாகல இஸ் ஹையர் தேன் ஸ்ரீ பாத.”

நம் பிள்ளைகள் “இஸ் ஹை தேன்” என்று வாலை விட்டுவிடுகிறார்கள். காரணம் தமிழ்ப் பழக்கம்தான். இதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பிழை போய்விடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தமிழில் “மலையைவிட” என்று “விட” பின்னால் வரும். ஆங்கிலத்தில் “தேன் ஸ்ரீ பாத” என்று முன்னால் வரும். எதோடு ஒப்பிடுகிறோமோ அது வசனத்தின் கடைசிக்குப் போய்விடும்.

இந்தத் தேனுக்கு நடுவில் ஏ எழுத்து வரும். “பிறகு” என்ற அர்த்தமுள்ள “தென்” வேறு சொல். அதற்கு நடுவில் ஈ எழுத்து. இரண்டையும் மாற்றி எழுதுவது பரீட்சையில் அடிக்கடி நடக்கும் பிழை.

2. எந்தச் சொல்லுக்கு வால், எந்தச் சொல்லுக்கு “மோர்”?

சொல்லைச் சொல்லிக்கொண்டே கை தட்டிப் பாருங்கள்.

ஒரு தட்டில் முடியும் சொல்லுக்கு வால் ஒட்டும்: கோல்ட் – கோல்டர், டோல் – டோலர், வைட் – வைடர், ஸ்மோல் – ஸ்மோலர். பிக், ஹொட், வெட் போன்ற சிறு சொற்களில் கடைசி எழுத்து இரண்டாகும். பிக்கர் என்று எழுதும்போது ஜீ எழுத்து இரண்டு வரவேண்டும்.

இரண்டு தட்டு வந்து, வை எழுத்தில் முடியும் சொல்லானால் அந்த வை, ஐ எழுத்தாக மாறி வால் ஒட்டும்: ஹெவி – ஹெவியர், ஈஸி – ஈஸியர், பிஸி – பிஸியர்.

நீண்ட சொல்லுக்கு வால் ஒட்டாது. முன்னால் “மோர்” வரும்: மோர் எக்ஸ்பென்சிவ், மோர் டிஃபிகல்ட், மோர் டேஞ்சரஸ், மோர் கெயார்ஃபுல்.

வாலும் மோரும் ஒரே சொல்லில் சேரவே கூடாது. “மோர் பிக்கர்”, “மோர் பெட்டர்” என்பவை பிழை. ஒரு கூடைக்கு இரண்டு பேர் நிறுவை எழுதினால் கணக்கு குழம்பாதா? அது போலத்தான்.

3. சொல்லே மாறிப்போகும் சில

இவற்றை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

குட் – பெட்டர் – பெஸ்ட்: நல்லது, அதைவிட நல்லது, எல்லாவற்றிலும் நல்லது.
பேட் – வேர்ஸ் – வேர்ஸ்ட்: கெட்டது, அதைவிட மோசம், படுமோசம்.
மெனி, மச் – மோர் – மோஸ்ட்: நிறைய, அதைவிட நிறைய, ஆகக் கூடியது.
லிட்டில் – லெஸ் – லீஸ்ட்: கொஞ்சம், அதைவிடக் கொஞ்சம், ஆகக் குறைந்தது.

“ரொம்ப நல்லா இருக்கு” என்ற நினைப்பில் பிள்ளைகள் “வெரி பெட்டர்” என்று எழுதுகிறார்கள். வெரி என்பது குட் என்ற சொல்லோடு சேரும். பெட்டர் என்ற சொல்லோடு சேராது. “எவ்வளவோ மேல்” என்று சொல்ல “மச் பெட்டர்” என்று எழுதவேண்டும்.

4. இரண்டா, அதற்கு மேலா?

இரண்டை ஒப்பிட்டால் “அர்” வால். மூன்றோ அதற்கு மேலோ இருந்து, அவற்றில் ஒன்றை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தால் “எஸ்ட்” வால். முன்னால் “த” வரவேண்டும்.

தலவாக்கலைப் பக்கம் பஸ்ஸில் போனவர்கள் இரண்டு நீர்வீழ்ச்சிகளைப் பார்த்திருப்பீர்கள். டெவோன் 97 மீற்றர் உயரம். சென்கிளயர் 80 மீற்றர். ஆனால் அகலத்தில் அதுதான் பெரியது. இரண்டு நீர்வீழ்ச்சி என்பதால்:

“டெவோன் இஸ் டோலர் தேன் சென்கிளயர்.”
“சென்கிளயர் இஸ் வைடர் தேன் டெவோன்.”

நாட்டிலுள்ள எல்லா நீர்வீழ்ச்சிகளையும் எடுத்தால் பதுளை மாவட்டத்து பம்பரகந்தைதான் உயரம், 263 மீற்றர். ஆகவே, “பம்பரகந்த இஸ் த டோலெஸ்ட் வோட்டர்ஃபோல் இன் ஸ்ரீலங்கா.”

ஸ்டோரில் வேலை செய்பவர்களுக்கு இன்னும் லேசான உதாரணம் உண்டு. பி.ஓ.பி. தூளைவிட பி.ஓ.பி.எஃப். சிறியது. இந்த இரண்டையும்விட டஸ்ட் சிறியது. “பி.ஓ.பி.எஃப். இஸ் ஸ்மோலர் தேன் பி.ஓ.பி.”, “டஸ்ட் இஸ் த ஸ்மோலெஸ்ட் ஒஃப் த த்ரீ.” இடத்தைச் சொன்னால் “இன்” வரும். கூட்டத்தைச் சொன்னால் “ஒஃப்” வரும்.

5. சமம் என்று சொல்ல

இரண்டும் சமம் என்றால் சொல்லுக்கு வால் வேண்டாம். இரண்டு பக்கமும் “அஸ்” போட்டால் போதும்: “அஸ் டோல் அஸ்”, “அஸ் மச் அஸ்”.

இதற்கு நமது சொந்தச் சரித்திரத்திலேயே உதாரணம் இருக்கிறது. 1984ஆம் ஆண்டுக்கு முன்னர் தோட்டத்தில் பெண்களுக்கு நாட்சம்பளம் ஆண்களைவிடக் குறைவாக இருந்தது. அந்த ஆண்டில்தான் இருவருக்கும் சமமாக்கப்பட்டது. நம் லயங்களில் உள்ள பாட்டிமாரிடம் கேட்டால் அந்தக் காலத்துக் கணக்கைச் சொல்வார்கள். இதை ஆங்கிலத்தில் சொல்லிப் பழகுங்கள்:

“பிஃபோர் 1984, விமன் வேர் பெய்ட் லெஸ் தேன் மென்.”
“நவ் விமன் ஆர் பெய்ட் அஸ் மச் அஸ் மென்.”

இரண்டாவது வசனத்தில் “நொட்” சேர்ந்து “நொட் பெய்ட் அஸ் மச் அஸ்” என்று வந்தால், சமம் இல்லை, குறைவு என்று அர்த்தம் மாறிவிடும்.

6. அறிவித்தலில் வரும் நான்கு சொற்கள்

இந்தப் பகுதியைப் பெரியவர்கள் இரண்டு தரம் வாசிக்கவும். இலக்கம் ஒன்றாக இருந்தாலும், முன்னால் வரும் சொல்லைப் பொறுத்து அர்த்தம் மாறும். உதாரணத்துக்கு 18 கிலோ என்று வைத்துக்கொள்வோம். தோட்டத்துக்குத் தோட்டம் கணக்கு வேறுபடும். இது பாடத்துக்காக மட்டும்.

மோர் தேன் 18: பதினெட்டுக்கு மேலே. சரியாக 18 இதில் சேராது.
லெஸ் தேன் 18: பதினெட்டுக்குக் கீழே. சரியாக 18 இதிலும் சேராது.
நொட் லெஸ் தேன் 18: பதினெட்டுக்குக் குறையக்கூடாது. சரியாக 18 சேரும். அதற்கு மேலும் சேரும். “அட் லீஸ்ட் 18” என்பதும் இதேதான்.
நொட் மோர் தேன் 18: பதினெட்டைத் தாண்டக்கூடாது. சரியாக 18 சேரும். அதற்குக் கீழும் சேரும்.

“நொட் லெஸ் தேன் 18 கிலோ எடுத்தால் முழுப்பேர், மோர் தேன் 18 கிலோ எடுத்தால் மேலதிகக் கிலோவுக்குக் காசு” என்று ஓர் அறிவித்தல் வருவதாக நினைத்துக்கொள்ளுங்கள். சரியாக 18 கிலோ எடுத்தவருக்கு முழுப்பேர் உண்டு. மேலதிகக் காசு இல்லை. 17 கிலோ எடுத்தவருக்கு இந்த அறிவித்தல்படி முழுப்பேர் இல்லை. 20 கிலோ எடுத்தவருக்கு முழுப்பேரும், 2 கிலோவுக்கு மேலதிகக் காசும் உண்டு. “லெஸ்” என்ற சொல்லைக் கண்டவுடன் “குறைச்சல்” என்று முடிவு கட்டிவிடாமல், முன்னால் “நொட்” இருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும்.

வேலை விளம்பரத்தைப் பாருங்கள். “நொட் லெஸ் தேன் 18 இயர்ஸ் அண்ட் நொட் மோர் தேன் 30 இயர்ஸ்” என்று வயது போட்டிருந்தால், 18 வயது முடிந்த பிள்ளை தாராளமாக விண்ணப்பிக்கலாம். “அட் லீஸ்ட் சிக்ஸ் பாஸஸ்” என்றால் சரியாக ஆறு பாடம் சித்தியடைந்தவரும் போடலாம். ஆறுக்கு மேலே வேண்டும்போல என்று நினைத்து விண்ணப்பப் பத்திரத்தை மடித்து வைத்துவிடாதீர்கள். போடாத விண்ணப்பத்துக்கு யாரும் பதில் அனுப்பப்போவதில்லை.

மருந்துப் பெட்டியில் இது உயிரோடு சம்பந்தப்பட்டது. பெரியவர்களுக்கான 500 மில்லிகிராம் பரசிட்டமோல் பெட்டிகளில் “24 மணித்தியாலத்தில் நொட் மோர் தேன் எயிட் டெப்லெட்ஸ்” என்ற கருத்தில் எழுதியிருக்கும். ஒரு நாளில் எட்டு என்பது எல்லை. ஆகவே எட்டும் குடித்தே தீரவேண்டும் என்று அர்த்தம் இல்லை. அந்த எல்லையைத் தாண்டினால் ஈரல் பழுதாகும். வைத்தியர் அதைவிடக் குறைவாகச் சொல்லியிருந்தால் அதுவே நமக்குக் கணக்கு. சிறு பிள்ளைகளுக்கு நிறையைப் பார்த்து அளவு வேறு. அதை டிஸ்பென்சரியில் கேட்டுத்தான் கொடுக்கவேண்டும்.

7. நமது பிள்ளைகள் அடிக்கடி விடும் பிழைகள்

அக்காவைப் பற்றி எழுதும்போது “எல்டர் தேன் மீ” என்பது பிழை. “மை எல்டர் சிஸ்டர்” என்று முறை சொல்லலாம். ஆனால் தேன் வந்தால் ஓல்டர்தான்: “ஷீ இஸ் ஓல்டர் தேன் மீ.”

சீனியர், ஜூனியர் என்ற சொற்களோடு தேன் வராது, “டு” வரும்: “ஹீ இஸ் சீனியர் டு மீ.”

எண்ணக்கூடியவை குறைந்தால் ஃபியூவர். எண்ண முடியாதவை குறைந்தால் லெஸ். நாள், கூடை, பிள்ளை இவற்றுக்கு ஃபியூவர்: “ஃபியூவர் டேய்ஸ்.” மழை, தண்ணீர், சீனி இவற்றுக்கு லெஸ்: “லெஸ் ரெயின்.”

“நல்ல பாடசாலைகளில் ஒன்று” என்று சொல்லும்போது கடைசிச் சொல் பன்மையாக இருக்கவேண்டும்: “வன் ஒஃப் த பெஸ்ட் ஸ்கூல்ஸ்.” ஸ்கூல் என்று நிறுத்தினால் பிழை.

“எங்க தோட்டத்துத் தேயிலை உங்க தோட்டத்தைவிட நல்லது” என்று தமிழில் பேசலாம், யாருக்கும் விளங்கும். ஆங்கிலத்தில் அப்படி எழுதினால் தேயிலையைத் தோட்டத்தோடு ஒப்பிட்டதாகிவிடும். தேயிலையைத் தேயிலையோடுதான் ஒப்பிடவேண்டும்: “அவர் டீ இஸ் பெட்டர் தேன் யுவர்ஸ்.”

8. பயிற்சி

ஆங்கிலத்தில் சொல்லவும். விடையைப் பார்க்காமல் முதலில் கொப்பியில் எழுதவும்.

அ. ஹட்டனைவிட நுவரெலியா குளிர்.
ஆ. என் கூடை உன்னுடையதைவிட பாரம்.
இ. கணக்கைவிட ஆங்கிலம் கஷ்டம்.
ஈ. பிதுருதலாகலை இலங்கையின் ஆக உயரமான மலை.
உ. தம்பி அண்ணனளவு உயரம்.
ஊ. ஓர் அறிவித்தலில் “லெஸ் தேன் 10 டேய்ஸ்” என்று உள்ளது. சரியாக 10 நாள் வேலை செய்தவர் அதில் அடங்குவாரா?

விடைகள்

அ. நுவரெலியா இஸ் கோல்டர் தேன் ஹட்டன்.
ஆ. மை பாஸ்கெட் இஸ் ஹெவியர் தேன் யுவர்ஸ்.
இ. இங்லிஷ் இஸ் மோர் டிஃபிகல்ட் தேன் மெத்ஸ்.
ஈ. பிதுருதலாகல இஸ் த ஹையெஸ்ட் மவுண்டன் இன் ஸ்ரீலங்கா.
உ. தம்பி இஸ் அஸ் டோல் அஸ் அண்ணன்.
ஊ. அடங்கமாட்டார். 9 நாளும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் மட்டுமே அடங்குவார்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேலை முடிந்து வந்து தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் பிள்ளையிடம் ஒரு நாளைக்கு ஐந்து வசனம் கேளுங்கள். வீட்டிலுள்ள இரண்டு சாமான்களைக் காட்டி, எது பெரிசு, எது பாரம், எது விலை கூட என்று ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும், வால் ஒட்டியதா, தேன் வந்ததா என்ற இரண்டை மட்டும் காதால் கேட்டுப் பிடித்துவிடலாம். ஆங்கிலத்தில் ஏதாவது கடிதமோ அறிவித்தலோ வந்து அர்த்தம் சந்தேகமாக இருந்தால், கையெழுத்துப் போடுமுன் நலன்புரி உத்தியோகத்தரிடமோ பாடசாலை ஆசிரியரிடமோ கொண்டுவந்து காட்டிக் கேளுங்கள்.

– தோட்ட நலன்புரி உத்தியோகத்தர்