அடுப்பைப் பார்க்க வேண்டியவர் மெக்கானிக் இல்லை

செம்பட்டி நாலு பக்கமும் சாலை பிரிகிற ஊர். திண்டுக்கல்லில் இருந்து வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறுகிற வண்டிகள், தேனி, குமுளி என்று சபரிமலைக்குப் போகிற வண்டிகள், மதுரைப் பக்கமிருந்து பழனிக்குப் போகிறவர்கள் என்று பல கூட்டமும் வந்து சேர்கிற இடம் இது. கார்த்திகை பிறந்துவிட்டால் தைப்பூசம் முடிகிறவரை இங்குள்ள பரோட்டாக் கல்லுக்குச் சூடு ஆற நேரம் கிடைக்காது.

இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஓட்டல், மெஸ், டீக்கடை, கல்யாண மண்டபம் என்று கமர்ஷியல் கேஸ் அடுப்புகளைச் சரிபார்த்துக் கொடுப்பது என் தொழில். "அண்ணே, தீ ஏறலண்ணே. மதியச் சாப்பாட்டுக்கு உலை வெச்சாச்சு, சீக்கிரம் வாங்க" என்றுதான் பாதி போன் வரும். போய்ப் பார்த்தால் பழுது என்று சொல்ல ஒன்றும் இருக்காது. கஞ்சி பொங்கி வழிந்து பர்னர் கண்ணை அடைத்திருக்கும். கழற்றித் தட்டி, பிரஷ் போட்டு மாட்டினால் தீ ஏறிவிடும். அதற்குக் கூலி வாங்க எனக்கே கூச்சம்தான். ஆனாலும் வாங்கிக்கொள்வேன்.

அந்தக் கூலியை மிச்சப்படுத்தும் வழியைத்தான் இங்கே சொல்கிறேன். கேஸ் அடுப்பு ஒரே நாளில் கெடுவதில்லை. கெடுவதற்கு முன்னால் தீயின் நிறத்தில், சத்தத்தில், பாத்திரத்தின் அடியில் படியும் கரியில் காட்டிக்கொடுக்கும். அதைப் பார்க்கக்கூடிய இடத்தில் நிற்பவர் மாஸ்டர்தான். எப்போதாவது வந்துபோகும் நான் இல்லை.

தீயைப் பாருங்கள்

நல்ல தீ நீலமாக, பர்னர் கண்ணை ஒட்டி நிற்கும். மஞ்சளாக ஆடினால் காற்று போதவில்லை என்று பொருள். எரியாத கேஸ்தான் கரியாகி அண்டாவின் அடியில் ஒட்டுகிறது. அண்டா தேய்க்கிற அம்மா "இப்பல்லாம் கரி ரொம்ப ஒட்டுதுப்பா" என்று சொன்னால் முதலாளி காது கொடுத்துக் கேட்க வேண்டும். சிலிண்டர் செலவு கூடப்போகிறது என்பதைக் கணக்கு நோட்டுக்கு முன்பே சொல்கிறவர் அவர்தான். பணம் போவதோடு முடிவதில்லை. சரியாக எரியாத கேஸிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அடைத்த சமையலறையில் மாஸ்டருக்குத் தலைவலியும் மயக்கமும் வந்தால் வெக்கை என்று விட்டுவிடக் கூடாது.

தீ பர்னரை விட்டு எம்பி, 'புஸ்' என்று இரைந்தால் காற்று அதிகம், அல்லது பிரஷர் அதிகம். 'டப்' என்று வெடித்து, பர்னர் குழாய்க்குள் ஜெட் பக்கம் தீ போய் எரிந்தால் உடனே அடைத்துவிட வேண்டும். கொஞ்ச நேரம் விட்டாலும் குழாய் பழுத்துவிடும்.

ஜெட்டுக்குப் பின்னால் காற்று நுழையும் இடத்தில் ஒரு வட்டத் தகடு இருக்கும். அதைத் திருகித்தான் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் வேண்டும். பல கடைகளில் இந்தத் தகடு எண்ணெயும் மாவும் சேர்ந்து இறுகி, அசையவே அசையாது. மாதம் ஒரு தடவை துடைத்துத் திருகிப் பார்த்தால் போதும்.

பர்னரும் ஜெட்டும்

பர்னரைக் கழற்றும் முன் சிலிண்டர் வால்வை அடைத்து, நன்றாக ஆறவிடுங்கள். கவிழ்த்துத் தட்டினால் உள்ளே இருக்கும் கரித்தூள் கொட்டிவிடும். கண்களைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சோப்புப் பவுடர் போட்ட வெந்நீரில் ஊறவைத்துக் கழுவலாம். பித்தளைப் பர்னருக்குப் புளி போட்டுத் தேய்ப்பது இன்றைக்கும் நல்ல வழி. அலுமினியப் பாகம் எதிலும் காஸ்டிக் சோடா படக் கூடாது. அது அலுமினியத்தை அரித்துவிடும்.

கழுவியதும் பலர் செய்வது, ஈரத்தோடு மாட்டிப் பற்றவைப்பது. கண்ணுக்குள் நிற்கும் தண்ணீரால் தீ விட்டுவிட்டு எரியும், அணையும். எங்கள் பக்கத்துப் போர்த் தண்ணீரில் உப்பு வேறு. காயாமல் கிடந்தால் இரும்புப் பர்னரில் துரு பிடித்து, அந்தத் துருவே மறுபடி கண்ணை அடைக்கும். இரவில் கழுவிக் கவிழ்த்துவைத்து, காலையில் மாட்டுவதே சரி.

ஜெட் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன்: ஊசி, குண்டூசி, சேப்டி பின் எதையும் உள்ளே விடாதீர்கள். ஜெட்டின் துளை அளவு பார்த்துப் போட்டது. பித்தளை மெதுவான உலோகம், இரும்பு ஊசி நுழைந்தால் துளை பெரிதாகிவிடும். "அண்ணே, ஊசி போட்டதும் தீ ஜம்முனு வருதுண்ணே" என்பார்கள். வரத்தான் செய்யும். கேஸ் கூடிவிட்டது, காற்று கூடவில்லை. ஒரு வாரத்தில் தீ மஞ்சளாகி, அண்டா கரியாகி, சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்துபோகும். அடைத்தால் ஜெட்டை ஸ்பேனரால் கழற்றி, எதிர்ப்பக்கமிருந்து காற்று அடித்து எடுங்கள். அப்படியும் போகவில்லையென்றால் புது ஜெட் போடுங்கள். அதன் விலை பெரிதில்லை.

பரோட்டாக் கல்லின் அடியில்

மேலே கல் பளபளவென்று இருக்கும். குனிந்து அடியில் பார்த்தால்தான் நிலைமை தெரியும். கல்லின் விளிம்பில் வழிகிற எண்ணெய் நேராகப் பைப் பர்னர் மேல் சொட்டி, தீயில் தீய்ந்து, தார் மாதிரி ஒட்டும். பர்னரின் ஒரு பக்கம் மட்டும் எரிய, கல்லின் ஒரு பக்கம் காந்தலாகவும் இன்னொரு பக்கம் வேகாமலும் போவது இதனால்தான். மாஸ்டர் பரோட்டாவை இடம் மாற்றி மாற்றிப் போட ஆரம்பித்தால் பர்னரைக் கவனியுங்கள். கல்லின் எண்ணெய்க் கால்வாயையும் அதன் கீழிருக்கும் தட்டையும் தினமும் காலி செய்தால் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும்.

கொத்துப் பரோட்டா போடும் கடைகளில் இன்னொன்றும் உண்டு. அடிக்கிற அடியின் அதிர்வில் கல்லுக்குக் கீழுள்ள நட்டுகளும் குழாய் இணைப்புகளும் மெல்ல மெல்லத் தளரும். வாரம் ஒரு முறை சோப்பு நுரை போட்டுப் பார்க்க வேண்டிய முதல் இடம் அது.

சூடான கல்லின் மேல் பச்சைத் தண்ணீரை வாளியோடு ஊற்றாதீர்கள். வார்ப்பிரும்புக் கல் கோணலாகும், விரிசலும் விடும். சூடு தணிந்த பிறகு சுரண்டி, துணியால் துடைத்து, லேசாக எண்ணெய் தடவி விடுவது போதும்.

இட்லிக் கொப்பரை, ஸ்டீமர் வைத்திருப்பவர்கள் அடியில் படியும் வெள்ளை உப்பைக் கவனிக்க வேண்டும். அந்தப் படிவு சூட்டைத் தண்ணீருக்குப் போகவிடாமல் தடுக்கும். தண்ணீர் கொதிக்க நேரமாகும், கேஸ் கூடும். மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பைத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிட்டு, ஆறவைத்துத் தேய்த்தால் இளகிவிடும்.

ஆடியும் மார்கழியும்: மண்டப அடுப்புகள்

தினமும் எரிகிற அடுப்பைவிட, எரியாமல் கிடக்கிற அடுப்பை நான் அதிகம் சந்தேகப்படுவேன். ஆடி முழுக்க மண்டபத்தில் விசேஷம் இருக்காது, மார்கழியிலும் அப்படித்தான். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு அடுப்பைப் பற்றவைத்தால் தீ பின்பக்கம் காற்று வாயில் வந்து எரியும். கழற்றிப் பார்த்தால் குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கும், அல்லது சிலந்தி வலை பின்னியிருக்கும். கேஸ் முன்னால் போக வழியில்லாமல் பின்னால் திரும்பிவிடுகிறது. அடுப்பு எரியாத இந்த மாதங்களில்தான் எலி ட்யூபைக் கடித்துவைக்கும். ட்யூபில் எண்ணெய் பிசுக்கு இருந்தால் எலிக்குக் கூப்பிட்டு விருந்து வைத்த மாதிரி.

சீசன் முடிந்ததும் பர்னரைக் கழற்றித் துடைத்து, குழாய் வாயைத் துணியால் கட்டிவையுங்கள். ட்யூபைக் கழற்றி உயரத்தில் மாட்டுங்கள். விசேஷத்துக்கு முந்தின நாளே ஒருமுறை பற்றவைத்துப் பாருங்கள். விடிகாலை மூன்று மணிக்குச் சமையல்காரர் வந்து நிற்கும்போது கண்டுபிடித்தால் யாருக்கும் நல்லதில்லை.

சிலிண்டர் வேர்த்தால்

கூட்டம் அதிகமான நாளில் 19 கிலோ சிலிண்டரின் வெளிப்பக்கம் நீர் கோத்து, சில சமயம் பனியே படிந்துவிடும். தீ இறங்கும். உடனே கொதிநீரை ஊற்றுவார்கள், அல்லது சிலிண்டரைச் சாய்த்துப் படுக்கவைப்பார்கள். இரண்டும் ஆபத்து. சிலிண்டருக்குள் கேஸ் திரவமாக இருக்கிறது. அது ஆவியாகச் சூடு வேண்டும், அந்தச் சூட்டைச் சிலிண்டரிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஒரே சிலிண்டரிலிருந்து அளவுக்கு மேல் இழுத்தால் சிலிண்டர் குளிர்ந்து, ஆவியாவதும் குறைகிறது. படுக்கவைத்தால் ஆவிக்குப் பதில் திரவமே குழாயில் வரும். ஒரு லிட்டர் திரவம் வாயுவானால் சுமார் 250 லிட்டர். அடுப்பில் தீ எவ்வளவு உயரம் எழும் என்று நினைத்துப் பாருங்கள். இரண்டு, மூன்று சிலிண்டரைச் சேர்த்து மேனிஃபோல்டு போட்டுக்கொள்வதே இதற்குத் தீர்வு. சிவப்பு நிற 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரைக் கடையில் மாட்டுவது சட்டப்படி குற்றம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

சிலிண்டர் வாங்கும்போது கழுத்துப் பட்டையில் எழுதியிருப்பதைப் பாருங்கள். ஏ, பி, சி, டி என்ற ஆங்கில எழுத்து மூன்று மூன்று மாதத்தைக் குறிக்கும். பக்கத்தில் வருடம் இருக்கும். 'சி 28' என்றால் 2028 ஜூலை முதல் செப்டம்பருக்குள் அந்தச் சிலிண்டரை மறுபடி சோதிக்க வேண்டும் என்று அர்த்தம். தேதி தாண்டியதை வாங்காதீர்கள்.

கசிவு

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையோடு பரவிச் சாக்கடை, பள்ளம், மேஜைக்கு அடி என்று தேங்கும். காற்றில் 2 சதவீதம் கலந்தாலே தீப்பொறி போதும். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டியில், விதியை மீறிக் கொண்டுவந்த சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். அடைத்த இடமும் கேஸும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதற்கு மேல் உதாரணம் வேண்டியதில்லை. ஜன்னலை அடைத்து, பின்பக்கக் கதவில் அரிசி மூட்டையை அடுக்கிவைத்திருக்கும் சமையலறைகளை நான் நிறையப் பார்க்கிறேன்.

கேஸ் வாடை வந்தால் பலர் முதலில் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுகிறார்கள். போடவும் கூடாது, ஓடுவதை நிறுத்தவும் கூடாது. ஸ்விட்சில் வரும் சின்னப் பொறி போதும். எரிகிற அடுப்பை அணைத்து, சிலிண்டரை அடைத்து, கதவு ஜன்னலைத் திறந்து, ஆட்களை வெளியே அனுப்புங்கள். வெளியே வந்த பிறகு 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். கேஸ் கசிவுக்கான அவசர உதவி எண் அது.

கசிவைச் சோதிக்கச் சோப்பு நுரை மட்டும். தீக்குச்சி கிழித்துப் பார்க்கும் பழக்கம் இன்னும் சில கடைகளில் இருக்கிறது. ட்யூபில் அச்சிட்ட தேதியைப் பாருங்கள், ஐந்து வருடம் தாண்டினால் மாற்றுங்கள். சமையலறைச் சூட்டில் வெடிப்பு தெரிந்தால் அதற்கு முன்பே மாற்றுங்கள். ஹை பிரஷர் அடுப்புக்கு வீட்டு அடுப்பின் ட்யூப் ஆகாது.

எண்ணெயும் புகைக்கூண்டும்

வடைச் சட்டியில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய், நொடியில் ஆவியாகி, எரிகிற எண்ணெயைக் கூரை வரைக்கும் வாரி அடிக்கும். கேஸை அடைத்து, பெரிய மூடியால் மூடுங்கள். அந்த மூடி சட்டிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

மேலே புகைக்கூண்டில் படிகிற எண்ணெய்ப் பிசுக்கும் எரிபொருள்தான். சட்டியில் எழும் தீ அதைத் தொட்டால் குழாய் வழியாகக் கூரைக்குப் போகும். வடிகட்டித் தகட்டை வாரம் ஒருமுறை வெந்நீரில் ஊறப்போட்டுக் கழுவுங்கள். குழாயின் உள்பக்கத்தை ஆள் வைத்துச் சுரண்டுங்கள்.

கடை சாத்தும்போது

1. முதலில் சிலிண்டர் வால்வை அடையுங்கள். குழாயில் மிச்சமிருக்கும் கேஸ் எரிந்து தீ தானாக அணைந்த பிறகு அடுப்பின் திருகை அடையுங்கள்.
2. பர்னரைத் தட்டி, பிரஷ் போட்டுக் கவிழ்த்துவையுங்கள்.
3. கல்லின் எண்ணெய்த் தட்டைக் காலி செய்யுங்கள்.
4. ட்யூபை ஈரத்துணியால் துடையுங்கள். துடைக்கும்போதே வெடிப்பும் எலிக்கடியும் கைக்குத் தெரியும்.
5. காலையில் பற்றவைக்கும்போது முதலில் தீ, பிறகு கேஸ். கேஸைத் திறந்துவிட்டுத் தீப்பெட்டி தேடாதீர்கள்.

இவ்வளவும் கால் மணி நேர வேலை. ரெகுலேட்டரைப் பிரிப்பது, வால்வுக்குக் கிரீஸ் போடுவது, ஜெட் அளவை மாற்றுவது, புதுக் குழாய் இழுப்பது ஆகிய நான்கையும் எங்களிடம் விட்டுவிடுங்கள். மற்றது உங்கள் வேலை. மாஸ்டர், கிளீனிங் பையன், முதலாளி மூன்று பேரும் "அவர் பார்த்துக்குவார்" என்று இருந்தால் யாரும் பார்க்கமாட்டார்கள். ஒருவர் பெயரை எழுதி, அதற்குக் கீழே 1906 என்றும் எழுதி, இன்றைக்கே அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.