வாய் மூடாத நாய்



வெறிநாய் என்றதும் நம் எல்லோர் மனதிலும் ஒரே உருவம்தான் வரும். நாக்கைத் தொங்கப் போட்டு, நுரை ஒழுக, எதிர்ப்பட்டவரை எல்லாம் கடித்துக்கொண்டு தெருவில் ஓடும் நாய். அதைக் கண்டால் துறையூர் கடைவீதியானாலும் சரி, உப்பிலியபுரம் பக்கத்துத் தோட்டமானாலும் சரி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிடுவோம். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தப் பிரசுரம் அந்த நாயைப் பற்றியது அல்ல. நம் திண்ணையில் படுத்திருக்கும், நாம் சோறு போட்டு வளர்க்கும் நாயைப் பற்றியது.

வெறிநோயில் இரண்டு வகை உண்டு. மேலே சொன்னது மூர்க்க வகை. மற்றது ஊமை வகை. இதில் நாய் ஓடாது, பெரும்பாலும் கடிக்கவும் செய்யாது. இருட்டு மூலையாகப் பார்த்துப் படுத்துக்கொள்ளும். கூப்பிட்டால் வராது. குரைக்கும் குரல் மாறிவிடும். பிறகு கீழ்த்தாடை செயலற்றுத் தொங்கும். வாய் மூடாது, எச்சில் ஒழுகிக்கொண்டே இருக்கும், தண்ணீர் வைத்தால் குடிக்கப் பார்த்து முடியாமல் திணறும். பார்த்தவர்கள் என்ன சொல்வார்கள்? "பாவம், தொண்டையில எலும்பு மாட்டிக்கிச்சு போல, கையை விட்டு எடுத்து விடுங்க." வீட்டுக்காரரும் பிரியத்தில் வாய்க்குள் கையை விட்டுத் துழாவுவார். எலும்பு இருக்காது. விரலில் அரிவாள் பட்ட கீறலோ, நகக்கண்ணில் வெடிப்போ இருந்தால் நாயின் எச்சிலில் உள்ள நோய்க்கிருமி உள்ளே போக அதுவே வழி. "நாய் கடிக்கவே இல்லையே" என்று அவர் ஊசிக்கும் போவதில்லை. இதுதான் ஆபத்து.

மாட்டுக்கும் இதே கதைதான். வெறிநாய் கடித்த மாடு சில வாரங்கள் கழித்துத் தீனி எடுக்காமல், எச்சில் வடித்து, அடித்தொண்டையில் கத்திக்கொண்டே நிற்கும். "கிழங்கு ஏதோ அடைச்சிக்கிச்சு" என்று வாய்க்குள் கை விடுகிறவர்கள் உண்டு. அதையும் செய்யாதீர்கள். அந்த மாட்டின் பாலைக் கறக்கக் கூடாது. முன்பே நன்றாகக் காய்ச்சிக் குடித்திருந்தால் அதனால் பயம் இல்லை.

ஏன் இப்படித் தாடை தொங்குகிறது? இந்தக் கிருமி இரத்தத்தில் பரவுவதில்லை. கடிபட்ட இடத்து நரம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல மூளைக்கு ஏறுகிறது. மூளையைக் கெடுத்தபின் அங்கிருந்து நரம்பு வழியாகவே உமிழ்நீர்ச் சுரப்பிக்கு இறங்குகிறது. விழுங்கும் தசையும் தாடைத் தசையும் ஓய்ந்து போவது இதனால்தான். மனிதருக்கும் அப்படியே. தண்ணீரைப் பார்த்தாலே தொண்டை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அந்த இழுப்பில் வரும் சத்தத்தைத்தான் "நாய் மாதிரி குரைக்கிறான்" என்று ஊரில் சொல்கிறார்கள்.

நரம்பில் ஏறிப்போக இந்தக் கிருமிக்கு நாள் பிடிக்கிறது என்பது ஒன்றுதான் நமக்குள்ள அனுகூலம். மனிதருக்குப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும். முகத்திலோ தலையிலோ கடித்தால் சீக்கிரம். குழந்தைகள் உயரம் குறைந்தவர்கள், நாய் பாய்ந்தால் முகம்தான் கிடைக்கும். கிருமி மூளைக்குப் போவதற்குள் ஊசி வேலை செய்துவிட்டால் உயிர் தப்பும். நோய் வெளியே தெரிந்துவிட்டால் அநேகமாக எந்த வைத்தியமும் பலிப்பதில்லை.

இனி, நாய்க்கு இழுப்பு வந்தால் எல்லாம் வெறிநோயா என்றால், இல்லை. டிஸ்டம்பர் என்ற நோய் தடுப்பூசி போடாத குட்டிகளுக்கு அதிகம் வரும். முதலில் மூக்கிலும் கண்ணிலும் சளி, இருமல், பேதி. பிறகு கால் துடிப்பு, வாயை மெல்லுவது போன்ற வலிப்பு. இது மனிதருக்குத் தொற்றாது. சில நாய்களுக்குக் காக்காய் வலிப்பு உண்டு. சில நிமிடம் இழுத்துவிட்டு எழுந்து பழையபடி வாலாட்டும். வயலுக்குத் தெளித்த பூச்சிமருந்தை நக்கிவிட்டாலும் எச்சில் ஒழுகி நடுங்கும். ஆனால் ஒன்று: இவற்றைக் கண்ணால் பார்த்துத் தரம் பிரிக்க அனுபவமுள்ள கால்நடை மருத்துவரே தயங்குவார். இறந்தபின் மூளையைச் சோதித்தால்தான் வெறிநோய் உறுதியாகும். ஆகவே குணம் மாறிய நாயைத் தொடாமல் ஓர் அறையில் அடைத்துவிட்டு, அரசு கால்நடை மருத்துவருக்குச் சொல்லி அனுப்புங்கள்.

கடித்தாலோ, பிறாண்டினாலோ, புண்ணில் எச்சில் பட்டாலோ உடனே சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். 15 நிமிடம் என்றால் கடிகாரம் பார்த்து 15 நிமிடம். அடிபம்பு இருந்தால் ஒருவர் அடிக்க ஒருவர் கழுவலாம். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் அப்பாதீர்கள். கட்டும் போட வேண்டாம். பச்சிலைக்கும் மந்திரத்துக்கும் அலைந்து நாளைக் கடத்த வேண்டாம். பச்சமலை மேலே இருப்பவர்கள் பஸ் கிடைக்கக் காத்திருக்கும் நேரத்திலாவது கழுவி முடித்துவிடுங்கள்.

பிறகு அரசு மருத்துவமனை அல்லது ஆரம்ப சுகாதார நிலையம். ஊசி இலவசம். "தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசியாமே?" என்று இன்றும் பயப்படுகிறார்கள். அது ஆட்டு மூளையிலிருந்து செய்த பழைய மருந்து. நம் தென்னாட்டுக்காக 1907-ல் குன்னூரில் தொடங்கிய பாஸ்டர் நிலையத்திலும் பல காலம் தயாரானது. எத்தனையோ உயிரைக் காத்தது என்றாலும், அபூர்வமாகச் சிலருக்கு அதுவே நரம்புக் கோளாறைக் கொண்டுவந்ததால் இந்தியாவில் 2005-க்குள் நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போதுள்ள ஊசி கையில்தான். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28-ம் நாட்கள். தசையில் போட்டால் 14-ம் நாளும் ஒன்று சேரும். தோல் கிழிந்து இரத்தம் வந்த கடிக்கும், புண்ணில் எச்சில் பட்டாலும், காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்தும் செலுத்த வேண்டும். இதைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். தடுப்பூசி வேலை செய்யத் தொடங்கும்வரை காவல் இருப்பது இதுதான்.

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள் கவனிக்கவும். "வயித்துல புள்ள இருக்கு, ஊசி வேணாம்" என்று மாமியார்மார் தடுப்பதுண்டு. இந்த ஊசியால் கருவுக்குக் கெடுதல் இல்லை. கைக்குழந்தைக்கும் இதே ஊசிதான். பத்தியமும் கிடையாது, கறி, மீன் சாப்பிடலாம்.

கடித்த நாய் கட்டிப்போட்ட வீட்டு நாய் என்றால் 10 நாள் கவனியுங்கள். எச்சிலில் கிருமி இருந்திருந்தால் அதற்குள் நோய் தெரிந்துவிடும். ஆனால் 10 நாள் முடியட்டும் என்று ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். முதல் ஊசியை அன்றே போட்டுக்கொண்டு நாயையும் கவனிப்பதுதான் முறை. நாயை அடித்துக் கொன்றுவிட்டால் கவனிக்க எதுவும் மிஞ்சாது.

தமிழ்நாட்டில் 2024-ல் மட்டும் 43 பேர் வெறிநோயால் இறந்தார்கள். நாய்க்குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் முதல் தடுப்பூசி, மருத்துவர் சொல்லும் நாளில் மறு ஊசி, பிறகு வருடம் ஒருமுறை. களத்துக் காவலுக்கு இருக்கிற நாய்க்கும், பட்டி நாய்க்கும் சேர்த்துத்தான். ஊசி போட்ட தேதியை ரேஷன் கார்டு வைக்கும் இடத்திலேயே ஒரு சீட்டில் எழுதி வையுங்கள்.